வேறு கணினியிலும் தானாகத் திறந்துகொண்ட லைவ் தரவுத்தளம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் வேலை. சென்ற ஆண்டு பினாங்குக் கிளைக்கு மாற்றலாகிப் போன தம்பி ஒருவர், தரவுத்தளங்களோடு இணையத் தாம் பயன்படுத்திய கிளையண்ட் மென்பொருளின் கோப்புறையை அலுவலகத்தின் பொது வட்டில் அப்படியே போட்டுவிட்டு, “அண்ணே, எல்லாக் கனெக்‌ஷனும் இதுல இருக்கு, எடுத்துக்குங்க” என்று சொல்லிச் சென்றார். அதை என் கணினியில் வைத்துத் திறந்தேன். ஒரு கடவுச்சொல்லைக்கூடக் கேட்காமல், கிளினிக் ஒன்றின் லைவ் தரவுத்தளம், அதாவது அன்றாடப் பயன்பாட்டில் உள்ள உண்மைத் தரவுத்தளம், என் முன்னே விரிந்தது.

வேலை மிச்சம் என்று மகிழ்ந்தது ஒரு நிமிடம்தான். கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டுள்ளன என்றால், அவருடைய இரகசியம் எதையும் அறியாத என் கணினி அவற்றை எப்படிப் பிரித்தது? திறவுகோல் மென்பொருளுக்குள்ளேயே இருந்தால்தான் அது முடியும். திறந்த மூல மென்பொருள் என்பதால் நிரலைத் தேடிப் பார்த்தேன். எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவான ஒரே திறவுகோல் அங்கே எழுதப்பட்டிருந்தது. அதைக் கொண்டு, மறைகுறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியின் கட்டளை ஒன்றை ஓட்டியதும் ஒன்பது கடவுச்சொற்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன; அவற்றில் மூன்று ஒரே சொல். அந்தத் தரவுத்தளத்தில் நோயாளிகளின் 12 இலக்க மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்கள் இருந்தன, அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே ஒருவரின் பிறந்த தேதியைச் சொல்லிவிடும் என்பதை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கட்டளை வரியில் வேலை செய்பவர்களும் இதிலிருந்து தப்பியவர்கள் அல்லர். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கிளையண்ட் படிக்கும் பிஜிபாஸ் என்ற கோப்பில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது. யுனிக்ஸ் கணினிகளில் கோப்பின் அனுமதி 0600-ஐவிட (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும் என்ற நிலையைவிட) தளர்வாக இருந்தால் கிளையண்ட் அதைப் புறக்கணிக்கும் என்பதே அங்குள்ள ஒரே காவல். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் உள்நுழைவுக் கோப்பு கடவுச்சொல்லைக் கலைத்து வைத்தாலும், அதை மீட்கும் திறவுகோல் அதே கோப்பிலேயே இருக்கிறது. தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவரிடமிருந்து இவை காக்கும், கோப்பையே எடுத்துச் செல்பவரிடமிருந்து காக்க மாட்டா.

பொது வட்டின் காப்புப் பிரதிகளில் அந்தக் கோப்புறை ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதால், அழிப்பதால் மட்டும் பயனில்லை என்று அன்று மாலையே ஒன்பது கடவுச்சொற்களையும் மாற்றினோம். போஸ்ட்கிரெஸில் மாற்றும்போது, கணக்கின் அமைப்பை மாற்றும் ஆல்டர் ரோல் கட்டளையில் புதிய சொல்லை நேரடியாகத் தட்டினால் அது சர்வரின் பதிவேட்டிலும் கட்டளை வரலாற்றிலும் தங்கிவிடக்கூடும். போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் உள்ள பாஸ்வேர்ட் கட்டளையோ, நம் கணினியிலேயே அதை உருமாற்றிய பிறகுதான் சர்வருக்கு அனுப்புகிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

மறுநாள் காலை பினாங்கிலிருந்து தம்பி அழைத்து, இணைப்பு வேலை செய்யவில்லை, புதிய கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றார். அனுப்பவில்லை, வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை அவர் பெயரில் உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை அவரே அமைக்கும் வரை தொலைபேசியில் கூடவே இருந்தேன்.