முதல் உலகப் போர்க்கால ஜெர்மானிய எஃகுத் தலைக்கவசம்: வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி – நெடுஞ்சேரல்

நண்பர்களுக்கு வணக்கம். பணி நிமித்தமாக ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தையில் ஒரு வியாபாரி இரண்டு தலைக்கவசங்களைக் காட்டினார். முதலாவது, பக்கத்துக்கு ஒன்றாகக் கொம்பு போன்ற இரண்டு குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வடிவம். உள்ளே ‘க்யூ 66’ என்று பொறித்திருக்கிறது, தோல் உள்ளுறை ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்துவிட்டது, வெளிப்பூச்சு மங்கித் துருவேறியிருக்கிறது. இரண்டாவது, இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்தது. விளிம்பு மடிக்கப்படாமல் வெளிப்புறமாக விரிந்திருக்கிறது, ஒரு பக்கம் தரைப்படைக் கழுகுச் சின்னமும் மறுபக்கம் மூவண்ணக் கேடயச் சின்னமும் புத்தம் புதியவை போலப் பளிச்சென்றிருக்கின்றன. இரண்டாவதற்கு அவர் சொல்லும் விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. சேகரிப்பில் புதியவனான நான் எதை வாங்கலாம், முதலாவதை வாங்கினால் துருவை நீக்கி மறுபடி வண்ணம் பூசலாமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – கொல்லுலை

ஐயா, முதலாவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் என் ஈடுபாடு அதில்தான்.

1915 வரை ஜெர்மானியப் போர்வீரர்கள் அணிந்தது உச்சியில் கூர்முனை கொண்ட தோல் தலைக்கவசம். பீரங்கிக் குண்டுச் சிதறல்களை அது தடுக்கவில்லை. தலைக்காயங்கள் பெருகியதைக் கண்ட அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியரும் ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ஷ்வெர்டும் எஃகுக் கவசத்தின் தேவையை வலியுறுத்தினர், வடிவமைத்தவர் ஷ்வெர்ட். நெற்றியோடு காதுகளையும் பின்கழுத்தையும் மூடும் வடிவம் அவ்வாறே பிறந்தது. ஹார்ஸ் மலையடிவாரத்துத் தாலே ஊரின் இரும்பாலை முதலில் உற்பத்தியைத் தொடங்கியது. 1916இல் பிரான்சின் வெர்டன் போர்முனையில் அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

நீங்கள் குறிப்பிடும் குமிழ்கள் அழகுக்கானவை அல்ல. அவை காற்றுத் துளைகளாகவும், காவற்பணியில் இருப்போர் நெற்றிக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் கனத்த எஃகுத் தகட்டைத் தாங்கும் பிடிகளாகவும் இருந்தன. தகடு ஒரே அளவில் செய்யப்பட்டதால், சிறிய அளவுக் கவசங்களில் குமிழ் நீளமாகவும் பெரியவற்றில் குட்டையாகவும் இருக்கும். 66 என்ற அளவு எண்ணுக்கும் குமிழின் நீளத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று, அதே அளவுள்ள ஐயமற்ற மாதிரியின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘க்யூ’ என்பது எஸ்லிங்கன் நகரத்து க்விஸ்ட் தொழிற்சாலையின் குறி. நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் செய்யப்பட்ட பொருள் அது. அடுத்து, பக்கங்களின் கீழ்ப்பகுதியில் தட்டையான ரிவிட் தலை இருக்கிறதா என்று பாருங்கள். தாடைப் பட்டையை மாட்டும் உட்குமிழைப் பிடித்திருக்கும் அந்த ரிவிட் இருந்தால் அது 1916 அல்லது 1917 வகை. 1918 வகையில் பட்டையை உள்ளுறையின் வளையத்திலேயே பொருத்திவிட்டதால் அந்த ரிவிட் இராது. அதே ரிவிட் சற்று மேலே, பெரிதாக இருந்தால் ஆஸ்திரிய-ஹங்கேரியத் தயாரிப்பாக இருக்கலாம். ஆனால் க்விஸ்ட் குறி இருப்பதால் உங்களுடையது அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

மறுமொழி – வடமலையான்

இரண்டாவதைத் தொடாதீர்கள். காரணம் எளிது: விரிந்த, மடிக்கப்படாத விளிம்பு 1942 வகைக்கு உரியது. அதற்கு முந்திய 1935, 1940 வகைகளில் விளிம்பு உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும். 1935 வகையில் காற்றுத் துளைக்குத் தனி வளையம் பொருத்தியிருப்பார்கள், 1940 வகையில் அது தகட்டிலேயே அழுத்தி உருவாக்கப்பட்டது. தரைப்படைக் கவசங்களில் மூவண்ணக் கேடயத்தை நீக்க 1940இலேயே ஆணை வந்துவிட்டது; கழுகுச் சின்னமும் 1943இல் நிறுத்தப்பட்டது. அப்படியிருக்க, 1942 வகைக் கவசத்தில் இரண்டு சின்னங்களும் பளிச்சென்று இருந்தால், போருக்குப் பின் யாரோ விற்பனைக்காக ஒட்டினார்கள் என்றே கொள்ள வேண்டும். உலோகம் அசலாகவே இருக்கலாம். உங்களிடம் கேட்கும் விலையோ அந்தச் சின்னங்களுக்கான விலை. நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் சின்னம் ஒட்டியவற்றில் போலிகள் இன்னும் மிகுதி.

நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதை ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தண்டனைக்குரியதாக்குகிறது. வரலாறு, கல்வி, ஆய்வு போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. தரைப்படைக் கழுகு ஸ்வஸ்திகாவைப் பற்றியிருப்பதால் படம் எடுத்து இணையத்தில் இடும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள். சட்டத்துக்கு அப்பால் ஒன்றையும் சொல்ல வேண்டும்: அந்தச் சின்னங்களின் மீதான கவர்ச்சியால் விலை ஏறுவதை நான் வெறுக்கிறேன். அவற்றின் கீழ் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

மறுமொழி – செம்பருத்தி

பராமரிப்புப் பற்றி. துருவை நீக்கி வண்ணம் பூச வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். எஞ்சியிருக்கும் தொழிற்சாலைப் பூச்சு, மங்கியிருந்தாலும், அந்தக் கவசத்துக்கு மிஞ்சிய முதன்மைச் சான்று. கம்பித் தூரிகையோ அமிலமோ பட்டால் அது ஒரே மணி நேரத்தில் போய்விடும், திரும்பி வராது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் நீக்கி, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நெகிழிப் பையில் மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கித் துரு வளரும். மிச்சமிருக்கும் தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள். அது தோலைக் கறுக்கச் செய்து நாளடைவில் இன்னும் கெடுக்கும்.

பச்சை, காவி, துருப் பழுப்பு ஆகிய வண்ணங்களைக் கருங்கோடுகள் பிரிக்கும் மறைப்பு வண்ணப் பூச்சு 1918 ஜூலை ஆணைப்படி வந்தது. அவ்வாறு பூசிய கவசங்களுக்கு விலை அதிகம் என்பதால், வெறும் கவசங்களுக்குப் புதிதாக அப்படிப் பூசி விற்கிறார்கள். பழைய கீறல், நசுங்கல், துருக்குழி ஆகியவற்றின் அடிவரை வண்ணம் இறங்கியிருந்தால், கவசம் பழுதடைந்த பிறகே அது பூசப்பட்டது என்று பொருள்.

மறுமொழி – நெடுஞ்சேரல்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன்: கீழ்ப்பகுதியில் இருபுறமும் தட்டையான ரிவிட் தலைகள் உள்ளன, குமிழின் நீளமும் ஒத்துப்போகிறது. முதலாவதையே வாங்க முடிவு செய்திருக்கிறேன். உதிர்ந்த உள்ளுறைக்குப் பதிலாகப் புதிதாகச் செய்து விற்கும் உள்ளுறையைப் பொருத்தலாமா?

மறுமொழி – கொல்லுலை

காட்சிக்கு வைப்பதற்காகப் பொருத்தலாம். ஆனால் புதிய துளை எதுவும் இடாமல், பழைய வளையத்தையும் ஊசிகளையும் அகற்றாமல், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடிய முறையில் மட்டுமே. 1916 அல்லது 1917 வகைக்குக் குதிரைமயிர் திணித்த மூன்று தோல் மெத்தைகள் கொண்ட உறை வேண்டும். விரல் போன்ற தோல் இதழ்கள் கொண்ட 1931 உறையை விற்பவர் கொடுத்தால் வாங்காதீர்கள். 1930களில் பழைய கவசங்களுக்கு அந்த உறையை இராணுவமே மாட்டிய உண்மையான எடுத்துக்காட்டுகள் உண்டென்றாலும், உங்களுடையதில் பழைய வளையம் இன்னும் இருந்தால் அது அவ்வகையன்று. உறை புதியது என்பதை ஒரு தாளில் தேதியுடன் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். பின்னாளில் அது உங்கள் கையைவிட்டுப் போகும்போது, வாங்குபவர் ஏமாறாமல் இருப்பார்.