தண்டர்பேர்டில் அப்பாவோட ஜிமெயில் ஏறல, 2016 மெயிலும் காணோம். உதவி வேணும்

ஆத்தங்குடிப் பொண்ணு:

எங்க அப்பா ஆத்தங்குடியில பூக்கல் (தரையில பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல்) பட்டறை வச்சிருக்காங்க. ஆர்டர், டிசைன், ரேட்டு எல்லாமே 2013-ல இருந்து ஒரே ஜிமெயில் முகவரியிலதான். பட்டறையில இருந்த பழைய கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட்ங்கிற மெயில் பார்க்குற மென்பொருள் வழியா பார்த்துக்கிட்டிருந்தாங்க. 2022 நடுவுல அது பாஸ்வேர்ட் கேட்டுக் கேட்டே நின்னு போச்சு. அதுல இருந்து போன்லயே ஓட்டுறாங்க. சின்ன திரையில படத்தைப் பெருசு பண்ணி கோடு எண்ண அப்பா கண்ணுக்கு முடியல. அதனால லேப்டாப் வாங்கி அதுலயும் தண்டர்பேர்ட் போட்டேன்.

அப்பா நோட்டுல எழுதி வச்சிருந்த பழைய செட்டிங்கைப் பார்த்துக் கையால அடிச்சேன்: பாப் (மெயிலை இறக்கிக்கிற பழைய முறை), போர்ட் 995, நார்மல் பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது. அதையே குரோம்ல போட்டா திறக்குது.

அவசரம் என்னன்னா, கானாடுகாத்தான்ல ஒரு வீட்டு முகப்புக்கு 2016-ல கல் போட்டுக் கொடுத்தோம். இப்ப 60 கல் உடைஞ்சிருக்கு. அதே பூ, அதே நிறம் வேணும்னு கேட்கிறாங்க. அந்த வீட்டு ஆச்சி அனுப்பின படமும், எந்த இதழுக்கு எந்த நிறம்னு அப்பா எழுதின பதிலும் மெயில்லதான் இருந்துச்சு. போன் இன்பாக்ஸ்ல கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்துட்டேன், 2022-க்கு முந்தி ஒண்ணுமே இல்ல. பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணி வித்துடலாம்னு கடைக்காரர் சொல்றாரு. என்ன செய்யட்டும்?

பள்ளத்தூர்க்காரன்:

ஃபார்மட் மட்டும் வேண்டாம் தங்கச்சி. முதல்ல கடைக்குப் போன் போட்டு நிறுத்துங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

கோட்டையூர் தம்பி:

கூகுள் அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோட இன்னொரு சரிபார்ப்பு) போட்டுட்டு ஆப் பாஸ்வேர்ட் (ஒரு ஆப்புக்குன்னே கூகுள் தர்ற தனி பாஸ்வேர்ட்) எடுங்க அக்கா. 16 எழுத்து வரும். வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதிலா அதைப் போட்டா ஏத்துக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி சொன்னதும் வேலை செய்யும். ஆனா தண்டர்பேர்டுக்கு அது தேவையில்லம்மா. வெறும் பாஸ்வேர்டை வெளி ஆப்புகள்ல வாங்கிக்கிறதை கூகுள் 2022 மே 30-ஓட தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்திடுச்சு. உங்க பழைய கம்ப்யூட்டர் நின்னதும் அதனாலதான், அப்பா மேல தப்பில்ல. இப்ப ஆதென்டிகேஷன் மெத்தட்ல (உள்ளே நுழையுற முறை) ஓஆத்2 இருக்கணும். அது இருந்தா கூகுள் பக்கமே ஒரு சின்ன விண்டோவுல திறக்கும். அங்க பாஸ்வேர்ட் போட்டு அனுமதி கொடுத்தா போதும். தண்டர்பேர்ட் செட்டிங்ஸ்ல குக்கீஸ் அணைஞ்சிருந்தா அந்த விண்டோ முடியாமலே சுத்தும், அதையும் பார்த்துக்குங்க.

பாப் வேண்டாம். பாப்ங்கிறது பெட்டகத்துல இருக்கிறதை அள்ளி வீட்டுக்குக் கொண்டு போறது. ஐமேப்ல பெட்டகம் இருந்த இடத்துலயே இருக்கும், போனும் லேப்டாப்பும் ஆளுக்கொரு சாவி வச்சுக்கும். பாப் அக்கவுண்டை ஐமேப்பா மாத்த முடியாது. அதை எடுத்துட்டுப் புதுசா சேருங்க: சர்வர் ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 993, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்.

அடுத்து, குரோம்ல ஜிமெயிலைத் திறந்து இடது பக்கம் "ஆல் மெயில்"னு இருக்கும், அதுக்குள்ள தேடுங்க. பாப் எடுத்துக்கிட்ட மெயிலை ஆர்க்கைவ் பண்ணிடுன்னு ஜிமெயில்ல ஒரு செட்டிங் உண்டு. அப்படி வச்சிருந்தா மெயில் இன்பாக்ஸை விட்டுப் போகும், கணக்கை விட்டுப் போகாது.

ஆத்தங்குடிப் பொண்ணு:

அண்ணே, கடையில நிறுத்திட்டேன். ஓஆத்2 மாத்தினதும் அப்பா போனுக்குக் கேள்வி வந்துச்சு. அப்பா பட்டறையில, நான் காரைக்குடியில. போன்லயே கூப்பிட்டு "ஆமா"ன்னு அமுக்கச் சொன்னேன், ஏறிடுச்சு!

ஆல் மெயில்ல ஆச்சி அனுப்பின படமும் இருக்கு. பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. ஆனா அப்பா எழுதின பதில் எங்கயும் இல்ல. அனுப்பின மெயில் இருக்கிற சென்ட் ஃபோல்டர்லயும் தேடிட்டேன். இன்னொண்ணு, இப்ப மெயில் வருது, அனுப்பினா ரொம்ப நேரம் சுத்தி நின்னுடுது. போர்ட் 465, ஸ்டார்ட்டிஎல்எஸ்னு வச்சிருக்கேன்.

தேவகோட்டை ரஸ்தா:

அந்த ரெண்டும் ஜோடி சேராதும்மா. 465-னா எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587-னா ஸ்டார்ட்டிஎல்எஸ். 465-ல ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டா ரெண்டு பக்கமும் மத்தவர் பேசட்டும்னு காத்துக்கிட்டே இருக்கும். அவுட்கோயிங் (அனுப்புற) சர்வர் தனி இடம், அங்கயும் ஓஆத்2 வைக்கணும். நிறைய பேர் உள்வர்றதை மட்டும் மாத்திட்டு இதை விட்டுடுவாங்க.

அப்பாவோட நோட்டுல அனுப்புற சர்வர் என்ன எழுதியிருக்கு?

ஆத்தங்குடிப் பொண்ணு:

அப்ப நெட் கொடுத்தவங்க சர்வர் பேர் இருக்குண்ணே. ஜிமெயில் இல்ல.

தேவகோட்டை ரஸ்தா:

அதான். ஜிமெயில் வழியா போகாத பதிலை ஜிமெயில் எப்படி வச்சிருக்கும்? அப்பா எழுதின பதில் அத்தனையும் அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. பள்ளத்தூர் அண்ணன் முதல்லயே தடுத்தது நல்லதாப் போச்சு.

பொறுமையா செய்யுங்க. பழைய கம்ப்யூட்டர் தண்டர்பேர்ட்ல ஹெல்ப், ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனா மெயில் எல்லாம் சேமிச்சிருக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கலாம். தண்டர்பேர்டை மூடிட்டு அந்த ஃபோல்டரை முழுசா பென்டிரைவ்ல காப்பி பண்ணுங்க, ரெண்டு பென்டிரைவ்ல பண்ணினா இன்னும் நல்லது. அதுக்குள்ள மெயில்ங்கிற ஃபோல்டர்ல "சென்ட்"னு வால் இல்லாத ஒரு ஃபைல் இருக்கும். எம்எஸ்எஃப்னு முடியுறது வேண்டாம், அது வெறும் அட்டவணை. லேப்டாப்ல தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது அந்த ஃபைலுக்கு "ஓல்டுசென்ட்"னு ஆங்கிலத்துல பேர் மாத்தி, அங்க உள்ள லோக்கல் ஃபோல்டர்ஸ் ஃபோல்டருக்குள்ள வைங்க. திறந்தா இடது பக்கம் தெரியும். அதுக்கப்புறம் ஜிமெயில் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணினா எல்லா இடத்துலயும் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமா பண்ணுங்க, ஐமேப்ல ஒரு நாளைக்கு 500 எம்பி வரைக்கும்தான் மேல ஏத்த விடும்.

ஆத்தங்குடிப் பொண்ணு:

நேத்து ராத்திரி பட்டறையிலயே உட்கார்ந்து எடுத்தேன். ஓல்டுசென்ட் தெரிஞ்சதும் கானாடுகாத்தான்னு தேடினேன். இருக்குண்ணே. நடு இதழ் பச்சை, ஓரம் மஞ்சள், மூலை சிவப்பு, மஞ்சள்ல மட்டும் வெள்ளை சிமெண்ட் கூடன்னு அப்பா எழுதியிருக்காங்க. அந்தக் கடைசி வரி அவங்களுக்கே மறந்து போயிருந்துச்சு.

இன்னிக்குக் காலையில கண்ணாடியைத் துடைச்சு அச்சு வச்சு மாதிரிக்கு 4 கல் போட்டாச்சு. இப்ப தண்ணித் தொட்டியில கிடக்கு. 2017 வரைக்கும் உள்ள பதில்களை ஜிமெயில்ல ஏத்திட்டேன், மிச்சம் நாளைக்கு. அனுப்புறதும் சரியாயிடுச்சு, லேப்டாப்ல இருந்து முதல் மெயிலை அந்த ஆச்சிக்குத்தான் அனுப்பினோம்.