உங்களை இன்னும் உறுத்தும் ட்ரேட் எது? டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணி ரசிகர்களின் அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து, தொடங்கியவர்:

2025 ஜூனில் ட்ராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, நடந்த இரவு முதல் சுற்று முடியும்வரை தொலைக்காட்சியின் முன்னாலேயே இருந்தேன். முப்பத்திரண்டு இளைஞர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒன்றுகூட எங்கள் மேப்பிள் லீஃப்ஸ் வாசித்ததில்லை. 2025க்கான முதல் சுற்றுத் தெரிவு, அதாவது அந்தச் சுற்றில் ஒருவரை எடுக்கும் எங்கள் உரிமை, ஜேக் மக்கேப் வந்த ட்ரேட்டில் (அணிகளுக்கிடையிலான கைமாற்றில்) 2023இலேயே சிக்காகோவுக்குப் போய்விட்டது. 2026க்கானது 2025 மார்ச்சில் பிரண்டன் கார்லோவுக்காக பொஸ்டனுக்கும், 2027க்கானது ஸ்கொட் லோட்டனுக்காக ஃபிலடெல்ஃபியாவுக்கும் போயின. நாங்கள் அடிமட்டத்துக்கு விழுந்தால் மட்டும் அவை கையில் தங்கும் என்பது நிபந்தனை. இத்தனையும் கொடுத்துவிட்டு, 2025 மே மாதம் ஃபுளோரிடாவுடனான தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் 6-1 என்று தோற்றோம்.

ட்ராஃப்ட் முடிந்து சில நாட்களிலேயே மிச் மார்னர் வேகஸ் அணிக்குப் போனார். பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்தவர், 2015இல் நான்காவது தெரிவாக எடுத்து எங்கள் கண் முன்னால் வளர்ந்தவர். பதிலுக்கு வந்தவர் நிக்கொலா ரோய் ஒருவர் மட்டும்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றுத் தெரிவை விற்பது நிர்வாகத்துக்கு எளிது, ஏனென்றால் விற்கும் நாளில் அதற்கு முகம் கிடையாது. எங்கோ ஒரு சிறு நகரத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் அதிகாலையில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருப்பான்; அவன்தான் அந்தத் தெரிவு என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியவரும்போது அவன் வேறு நிறச் சட்டையில் நிற்பான். உங்களுக்கு அப்படி நேர்ந்த நாளைச் சொல்லுங்கள். எங்கே இருந்தீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து, மூத்தவர் ஒருவர்:

தம்பி, நான் 1988இல் கனடாவுக்கு வந்தவன். வந்த அடுத்த ஆண்டே டொம் கர்வர்ஸ் என்ற தடுப்பாட்டக்காரருக்காக 1991ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தெரிவை நியூ ஜெர்சிக்குக் கொடுத்தார்கள். அப்போது எனக்கு ட்ராஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாது. கர்வர்ஸ் 1991 ஜனவரியிலேயே வன்கூவருக்குப் போய்விட்டார். அதே ஜூனில் நியூ ஜெர்சி எங்கள் இடத்தில் ஸ்கொட் நீடர்மையரை எடுத்தது. கொடுத்து வாங்கிய ஆள், கொடுத்ததன் விலை தெரியும் முன்பே எங்களிடம் இல்லை. நீடர்மையர் நான்கு முறை லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார்.

ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. 1994 ஜூன் 28. நான் ஒரு பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை மாறும் நேரத்தில் வானொலியில் சொன்னார்கள்: வெண்டல் கிளார்க்கை கியூபெக்குக்குக் கொடுத்துவிட்டு மட்ஸ் சுண்டீனை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் மேற்பார்வையாளர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். ஐந்து ஆண்டுகளில் என்னோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசியறியாதவர். தலையிலிருந்த நீலத் தொப்பியைக் கழற்றி மா மூட்டையின் மேல் வைத்தார். தொப்பியின் விளிம்பில் மா படிந்தது, அவர் தட்டிவிடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "உனக்கும் அவரைப் பிடிக்கும், இல்லையா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அந்த இடத்தில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார்.

கிளார்க் சஸ்கச்சுவானின் பண்ணை வீட்டுப் பிள்ளை. 1985இல் முதல் தெரிவாக வந்து, தன்னிலும் பெரியவர்களோடு மோதி, 1993-94 பருவத்தில் 46 கோல் அடித்த அணித்தலைவர். அவரைக் கொடுத்துவிட்டார்களே என்று ஊரே கொதித்தது. ஆனால் சுண்டீன் எங்களுக்காக 420 கோல்களும் 987 புள்ளிகளும் எடுத்தார். இன்று நினைத்துப் பார்த்தால் நிர்வாகம் செய்தது சரி. அன்று அப்படிச் சொல்லியிருந்தால் யாரோடும் சண்டைக்குப் போயிருப்பேன்.

இன்னும் கேளுங்கள். 1996 மார்ச்சில் கிளார்க் நியூ யோர்க் ஐலண்டர்ஸிலிருந்து திரும்பி வந்தார். நானும் அந்த நியூஃபவுண்ட்லாந்துக்காரரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதற்குக் கொடுத்தவற்றில் 1997இன் முதல் சுற்றுத் தெரிவும் ஒன்று. ஐலண்டர்ஸ் அதில் எடுத்த கோல் காப்பாளர் ரொபேர்ட்டோ லுவாங்கோ. நீங்கள் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்கிறீர்கள். அந்த ட்ரேட்டைக் கைதட்டி வரவேற்றவன் நான்.

மிசிசாகாவிலிருந்து:

எனக்கு 2009 செப்டம்பர். ஃபில் கெஸல் வந்த நாள். 21 வயது, முந்தைய பருவத்தில் 36 கோல். நானும் அண்ணாவும் துள்ளினோம். இரண்டு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று என்று பொஸ்டனுக்குக் கொடுத்ததை அண்ணா ஒரு வரியில் தள்ளிவிட்டார்: "அணி நன்றாக ஆடினால் அந்தத் தெரிவுகள் ஒன்றுக்கும் உதவாது."

அணி நன்றாக ஆடவில்லை. முப்பது அணிகளில் இருபத்தொன்பதாவது. கீழே முடியும் அணிக்கே ட்ராஃப்டில் முன்னிடம், அதனால் 2010இல் எங்கள் இடம் இரண்டாவதாக வந்தது. பொஸ்டன் டைலர் செகீனை எடுத்தது. அடுத்த ஆண்டு ஒன்பதாவது இடத்தில் டகி ஹமில்ட்டனை எடுத்தது. 2011இல் செகீன் கையில் கிண்ணம். பொஸ்டன் ரசிகர்கள் எங்களைக் கண்டால் "நன்றி, கெஸல்" என்று கோஷமிட்டார்கள்.

2013 மே 13 இரவு டொரொண்டோ மைதானத்துக்கு வெளியே பெரிய திரையின் கீழ் நின்ற கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். ஏழாவது ஆட்டம், பொஸ்டனில். மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னணி. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார முதியவர் என் தோளில் கை போட்டிருந்தார். ஒவ்வொரு கோலுக்கும் என்னை உலுக்கியவர். 4-2. 4-3. ஆட்டம் முடிய 51 வினாடி இருக்கும்போது பொஸ்டனின் பேர்ஜெரான் சமன் செய்தார். கை தோளிலேயே இருந்தது, ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. மேலதிக நேரத்தில் மறுபடியும் பேர்ஜெரான். அவ்வளவு பெரிய சதுக்கத்தில் காலடியில் பிளாஸ்டிக் கோப்பைகள் நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வீடு திரும்பும் ரயிலில் அண்ணா சொன்னார்: "எதிர்ப்பக்கம் யார் யார் நின்றார்கள் பார்த்தாயா? செகீன், ஹமில்ட்டன். கோலில் துக்கா ராஸ்க்." 2005இல் லீஃப்ஸ் முதல் சுற்றில் எடுத்து, மறு ஆண்டே அண்ட்ரூ ரேக்ராஃப்டுக்காக பொஸ்டனுக்குக் கொடுத்துவிட்டவர் ராஸ்க். எங்கள் தெரிவுகளாலேயே எங்களைத் தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகு அண்ணா ட்ரேட் செய்தி எதற்கும் துள்ளியதில்லை.

அஜாக்ஸிலிருந்து:

கெஸலின் பக்கம் பேச ஒருவராவது வேண்டும். இங்கிருந்த ஆறு பருவங்களிலும் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். தவறு அவரை வாங்கியதில் இல்லை. அவரைச் சுற்றி அணி இல்லாத நேரத்தில் வாங்கியதில்தான். வீடு கட்டி முடிக்காமல் கதவுக்கு விலை உயர்ந்த பூட்டு வாங்கியது போன்றது அது. 2015இல் அவரை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தபோது கிடைத்த முதல் சுற்றுத் தெரிவை வைத்துத்தான் ஃபிரெட்ரிக் அண்டர்சனை வாங்கினோம். ஐந்து பருவங்கள் கோலைக் காத்தாரே! தெரிவைப் பூட்டி வைத்துக் கும்பிட முடியாது. எப்போது செலவு செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

லண்டன், ஒன்ராறியோவிலிருந்து:

முகம் தெரியாததால் விற்கிறார்கள் என்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை நசீம் கத்ரியின் முகம் பத்து ஆண்டுகளாகத் தெரியுமே! 2009இல் ஏழாவது தெரிவு. லெபனானிலிருந்து வந்த குடும்பம். என் மகன் பள்ளியில் தன் பெயரைச் சுருக்கிச் சொல்லும் வழக்கமுடையவன். கத்ரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு போன நாளில் ஆசிரியை சட்டையிலிருந்த பெயரைச் சரியாக உச்சரித்ததை வீட்டில் வந்து சொன்னான். மறுநாளிலிருந்து தன் முழுப்பெயரையும் சொல்லத் தொடங்கினான்.

பொஸ்டனுக்கு எதிராக இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆடத் தடை வாங்கினார், அது அவர் பிழை. அந்தக் கோபம் ஆறும் முன், 2019 ஜூலை முதல் நாள், கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். டைசன் பாரி வந்தார், ஒரே பருவத்தில் போனார். 2022இல் கத்ரி கிண்ணம் வென்றார். அதில் பெயர் பொறிக்கப்பட்ட முதல் முஸ்லிம் வீரர். அந்த ஓகஸ்டில் அவர் கிண்ணத்தை இங்குள்ள பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தார். தெருவில் நாங்களும் நின்றோம். முன்னால் ஒரு பாட்டி, பேரனைத் தூக்க முடியாமல் தூக்கிப் பிடித்திருந்தார். என் மகன் அந்தச் சிறுவனை வாங்கித் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். மகன் போட்டிருந்தது லீஃப்ஸ் சட்டைதான், கத்ரியின் 43 எண்ணோடு. வேறு சட்டை வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான்.

பிரம்ப்டனிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. பட்ரிக் மார்லோவின் சம்பளச் சுமையை இறக்க, 2020இன் முதல் சுற்றுத் தெரிவையும் சேர்த்து கரோலினாவுக்குக் கொடுத்தோம். அது பதின்மூன்றாவது இடமாகி, அதில் கரோலினா செத் ஜார்விஸை எடுத்தது. ஆட்டக்காரர் ஒருவரை வாங்கவா கொடுத்தோம்? ஒருவரை அனுப்பவல்லவா கொடுத்தோம்! இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

மார்க்கத்திலிருந்து:

அதே 2020இல், ஆட்டக்காரர் கப்பானனைக் கொடுத்துப் பெற்ற பதினைந்தாவது இடத்தில் ரோடியோன் அமிரோவை எடுத்தார்கள். நான் அன்று கோபமாக இருந்தேன். தடுப்பாட்டக்காரரை எடுத்திருக்க வேண்டும் என்று நண்பர்களோடு இரவு முழுவதும் வாதாடினேன். பிறகு அவருக்கு மூளையில் கட்டி என்று செய்தி வந்தது. 2023 ஓகஸ்டில் காலமானார். வயது 21. லீஃப்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அன்று மாலை அப்பா வேலையால் வந்து, செய்தியைக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையின் தாய் எங்கே இருக்கிறார்?" என்றார். நாங்கள் வீட்டில் ஹொக்கி பேசியே பத்து ஆண்டுகளுக்கு மேல். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஸ்காபரோவிலிருந்து, தொடங்கியவர்:

மார்க்கத்துச் சகோதரர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மூத்தவரே, கைதட்டியவன் நான் என்றீர்களே, மார்ச்சில் கார்லோ வந்தபோது நானும் மகிழ்ந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அடுத்த ட்ராஃப்டிலும் எங்கள் இடத்தில் யாரை எடுக்கிறார்கள் என்று பார்க்க உட்காருவேன். நீங்கள் இருக்கும் இடம் பக்கம்தான் என்றால் வீட்டுக்கு வாருங்கள். அந்த நியூஃபவுண்ட்லாந்து நண்பர் இப்போதும் தொடர்பில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.