கார்னிவல் தீம்ல குரூப் ஷோ, முதல் தடவை கலந்துக்கறேன், ஐடியா குடுங்க

புதுத்தூரிகை:
வணக்கம் மக்களே. இங்க ஒரு சின்ன கேலரில குரூப் ஷோ போடறாங்க, தீம் கார்னிவல், ஆளுக்கு ரெண்டு படம், கையில ஆறு வாரம் இருக்கு. தீம் கேட்டதும் மண்டையில வந்தது ஜெயன்ட் வீல், கோமாளி, குடை ராட்டினம், பலூன், அவ்ளோதான். மத்தவங்களும் இதையேதான் வரைவாங்க, ஒரே சுவத்துல பத்து ஜெயன்ட் வீல் தொங்குனா நம்மளத யாரு நின்னு பாப்பா? எனக்கு வாட்டர்கலர்தான் பழக்கம், ஆனா ஷோன்னா ஆயில்ல பண்ணாதான் மதிப்போன்னு ஒரு டவுட்டு. ஃப்ரேம், மாட்டறது இதெல்லாம் சுத்தமா தெரியாது. ஷோ பண்ணவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

கரித்துண்டு:
ஜெயன்ட் வீல் வரையறதுல ஒண்ணும் தப்பில்லங்க, எங்க நின்னு பாக்கறீங்கங்கறதுதான் மேட்டரு. பிரெஞ்சு ஓவியர் டெகா 1879ல வரைஞ்ச மிஸ் லா லா படம் லண்டன் நேஷனல் கேலரில இருக்கு, நெட்ல தேடிப் பாருங்க. சர்க்கஸ் படம்தான், ஆனா கூட்டமும் இல்ல ரிங்கும் இல்ல, கயித்தப் பல்லால கடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு அந்தரத்துல தொங்குது, அதுவும் ஓரமா மேல, மிச்சமெல்லாம் கூரை. பாக்கற நமக்கே கழுத்து வலிக்கும். சூரான்னு இன்னொரு பிரெஞ்சு ஓவியர் 1887-88ல ஒரு சர்க்கஸ் படம் பண்ணாரு, அது இன்னும் அநியாயம், உள்ள நடக்கற ஷோவையே காட்டல, ஆள் புடிக்க வாசல்ல நடத்தற சாம்பிள் வித்தை மட்டும்தான், நடுவுல ஒருத்தர் டிராம்போன் ஊதறாரு, நம்ம பக்கம் தெரியறது பூரா வேடிக்கை பாக்கறவங்க தொப்பியும் பின்மண்டையும்தான். அதனால ராட்டினத்த விடுங்க, ராட்டினத்த ஓட்டற ஆளப் பாருங்க, க்யூல நின்னு கால் மாத்தறவங்களப் பாருங்க, பகல்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கற மரக்குதிரை, அதுல ஒரு குளம்பு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது ஒரு படம்.

சாயக்கிண்ணம்:
கரித்துண்டு சொல்றது சரிதான், ஆனா அப்படியே சோகத்துல போய் இறங்கிடாதீங்க தோழர். சர்க்கஸ், கார்னிவல்னு தீம் குடுத்தா கண்ணாடி முன்னாடி மேக்கப் கலைக்கற சோக கோமாளி ஒருத்தராவது வந்து நிப்பாரு. பிக்காசோ 1905லயே வித்தைக்காரங்க ஆறு பேர வெட்டவெளில நிறுத்தி, ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்காத மாதிரி வரைஞ்சு முடிச்சுட்டாரு, அதுக்கப்புறம் நாமெல்லாம் சோகம் புழியறது எதுக்கு?

என்னக் கேட்டா ராத்திரி வெளிச்சத்தப் புடிங்க. அதுக்கு வாட்டர்கலர விட தோதானது கிடையாது, ஏன்னா பேப்பரோட வெள்ளைதான் உங்க பல்பு. பல்பு வர்ற இடத்துல மாஸ்கிங் ஃப்ளூயிட் (கலர் படாம பேப்பர மூடி வைக்கற பசை, கடைசில உரிச்சு எடுத்துடலாம்) வச்சு, சுத்தி லேசா மஞ்சள் வாஷ், அதாவது தண்ணியா கரைச்ச கலர், ஈரம் காயறதுக்குள்ள ஓரத்துல ஆரஞ்ச், அது நல்லா காஞ்சப்புறம் வானத்துக்கு நீலமும் பிரவுனும் கலந்து அடிங்க, டியூப் கருப்ப தொடாதீங்க, வானம் செத்துப்போகும். எல்லா பல்பையும் ஒரே வெள்ளையா விட்டா சீரியல் செட் மாதிரி தட்டையா இருக்கும். ரெண்டோ மூணோ மட்டும் சுத்த வெள்ளை, மிச்சத்துக்கு மேல மெல்லிசா மஞ்சள் ஏத்தி அடக்கிடுங்க. இன்னொண்ணு, போன்ல எடுத்த போட்டோவப் பாத்து அப்படியே வரையாதீங்க, அதுல பல்பு வெந்து வெள்ளையா போயிருக்கும், வானம் தாரா இருக்கும், கண்ணுக்குத் தெரியற நீலம் எதுவும் அதுல இருக்காது. நேர்ல நின்னு சின்ன நோட்டுல கலர் பேர எழுதிட்டு வந்தாகூடப் போதும்.

ஆயில் வேணாம், ஆறு வாரத்துல தடிப்பா அடிச்சா உள்ள காயாது, பழக்கமும் இல்லங்கறீங்க.

கம்பிவேலை:
படம்தான் குடுக்கணுமா, சிற்பமும் எடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க. அமெரிக்க சிற்பி கால்டர் 1926லருந்து 31 வரைக்கும் கம்பி, துணி, கார்க் எல்லாம் வச்சு ஒரு முழு சர்க்கஸே செஞ்சு, கையாலயே ஆட்டி ஷோ காட்டிருக்காரு. சும்மா சொன்னேன் 😀

ஆணிசுத்தி:
நான் மாட்டற வேலை பாக்கறவன், அதனால அத மட்டும் சொல்றேன். வாட்டர்கலர்னா கண்ணாடி ஃப்ரேம் போடுங்க, ஆனா பேப்பர் கண்ணாடிய ஒட்டக்கூடாது, நடுவுல மவுண்ட் போர்டு, அதாவது படத்தச் சுத்தி ஜன்னல் மாதிரி வெட்டின அட்டை, வேணும், இல்லன்னா ஈரம் தங்கி ஒட்டிக்கும், பூசணம் வரும். போர்டு ஆசிட் ஃப்ரீயான்னு கேட்டு வாங்குங்க. ராத்திரி சீன்னா கண்ணாடில பாக்கறவன் மூஞ்சிதான் தெரியும், பட்ஜெட் இடம் குடுத்தா ஆன்ட்டி ரிஃப்ளெக்டிவ் போடுங்க, இல்லன்னா ஜன்னலுக்கு எதிர்ச் சுவரு வேணாம்னு கியூரேட்டர்ட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பின்னாடி ஃப்ரேம் உயரத்துல மேலருந்து மூணுல ஒரு பங்கு கீழ எறங்கி ரெண்டு பக்கமும் டி ரிங் (D வடிவ வளையம்), நடுவுல கம்பி, கம்பியோட உச்சி ஃப்ரேமுக்கு மேல எட்டிப் பாக்கக்கூடாது. பொதுவா படத்தோட மையம் தரையிலருந்து 145 செமீ பக்கம் வர்ற மாதிரி மாட்டுவோம். பின்னாடி பேரு, தலைப்பு, மீடியம், சைஸ், வருஷம் எழுதி ஒட்டுங்க. வித்தா கேலரிக்கு எவ்ளோ கமிஷன், உடைஞ்சா யாரு பொறுப்பு, என்னைக்குத் திரும்ப எடுக்கணும், இந்த மூணும் எழுத்துல வாங்கிக்கோங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க.

புதுத்தூரிகை:
அடேங்கப்பா, ரொம்ப நன்றி எல்லாருக்கும்! ஆயில் ஐடியாவ கைவிட்டாச்சு. தார்ப்பாய் குதிரை பகல்ல ஒண்ணு, அதே ராட்டினம் ராத்திரி ஓடறப்போ ஒண்ணு, ரெண்டும் ஒரே இடத்துல நின்னு பாத்த மாதிரி பண்ணலாம்னு இருக்கேன். கரித்துண்டு, சாயக்கிண்ணம் ரெண்டு பேர் கட்சிலயும் சேந்துட்டேன். ராத்திரி படத்துக்கு மவுண்ட் கருப்பு போடலாமா?

ஆணிசுத்தி:
வேணாம், கருப்பு மவுண்ட் வச்சா உங்க வானம் சாம்பலாத் தெரியும். ரெண்டுக்கும் ஒரே ஆஃப் ஒயிட், ஒரே ஃப்ரேம். அப்பதான் ஜோடின்னு புரிஞ்சு பக்கத்துல பக்கத்துல மாட்டுவாங்க.

சாயக்கிண்ணம்:
மாஸ்கிங் ஃப்ளூயிட்ட நல்ல பிரஷ்ல தொட்றாதீங்க, பிரஷ் காலி. பழசு ஒண்ண சோப்புல முக்கிட்டு யூஸ் பண்ணுங்க. முதல் வாஷ் போட்டதும் போட்டோ போடுங்க.