சிக்னலில் மட்டும் ஆடிய வீரா

பால்மரத்தடி:

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் வழியில்தான் முதலில் கவனித்தேன். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. பின்னால் இருந்த அம்மா, "என்னடா, கிரைண்டர் மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். 750 பக்கம் அசையாமல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் (இஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) 500-க்கு இறங்கியது, அணையப்போகிறது என்று நினைத்தால் 900-க்கு ஏறியது, திரும்பவும் இறங்கியது. கோயில் போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை அணைந்தே போய்விட்டது.

வண்டி, அப்பா 1998-இல் வாங்கிய புரோட்டோன் வீரா 1.5 கார், மேனுவல். தோட்டத்தில் லாரி ஓட்டிய மனிதர், கருப்பெண்ணெய் (இஞ்சின் ஆயில்) மாற்றுவதை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. அவருக்குப் பின் வண்டி என் கைக்கு வந்தது. நான் அவ்வளவு ஒழுங்கு இல்லை. அதனால் பழியை வண்டி மேல் போட மாட்டேன்.

சுங்கை சிப்புட்டில் ஒரு போமெனிடம் (மெக்கானிக்) காட்டினேன். பானெட்டைத் திறந்து அரை நிமிடம் காது கொடுத்துவிட்டு, "பிளக், கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் எல்லாம் மாத்திடுவோம்" என்றார். 280 வெள்ளி (ரிங்கிட்). மாற்றியதும் பட்டறை வாசலில் வண்டி சொன்னபடி கேட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் முதல் சிவப்பு விளக்கிலேயே பழைய ஆட்டம் தொடங்கிவிட்டது. பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நுனி நான்கிலும் ஒரே மாதிரி வெளிர்பழுப்பு. அதாவது நன்றாக எரிந்துகொண்டிருந்த பிளக்குகள். கருப்புக் கரி படிந்திருந்தால் எண்ணெய் (பெட்ரோல்) அதிகம் போகிறது, வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், ஈரப்பிசுக்காக இருந்தால் இஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கழற்றும்போதே பார்த்திருந்தால் 280 வெள்ளியில் பாதி மிஞ்சியிருக்கும்.

சரி, இனி நானே பார்ப்பது என்று முடிவு செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போர்ச்சில் பானெட்டைத் திறந்தேன். சிலிண்டருக்கு எண்ணெய் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கழற்றியதும் இஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் அதுவரை வேலை செய்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. என் வண்டியில் நான்குமே ஒரே அளவு தடுமாறின. சிலர் பிளக் கேபிளையே பிடுங்கிப் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் கம்பி அது. எனக்கு ஒருமுறை வாங்கிய அடி போதும்.

அப்புறம் திராட்டல் பாடி, இஞ்சினுக்குள் காற்று போகும் வாய். காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே காற்றைத் திறந்து மூடும் வட்டத் தகட்டின் ஓரம் முழுக்கக் கரி, அடிப்பிடித்த சட்டி மாதிரி. ஐட்லிங்கில், அதாவது எண்ணெய் மிதிக்காமல் இஞ்சின் சும்மா ஓடும்போது, தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். காற்று அந்த ஓரத்து இடுக்கிலும் பக்கத்திலுள்ள சின்ன வால்வு வழியாகவும்தான் போக வேண்டும். இடுக்கு கரியால் அடைபட்டால் இஞ்சினுக்கு மூச்சுத் திணறல்தான். கிளீனரைத் துணியில் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். ஐட்லிங் வால்வையும் கழற்றித் துடைத்தேன். பேட்டரி வயரைப் பத்து நிமிடம் எடுத்துவிட்டு மாட்டினேன். பழைய கணக்கை இஞ்சின் கம்ப்யூட்டர் மறக்க வேண்டுமே.

பலன் இருந்தது. ஏர்கோன் போட்டாலும் அணையவில்லை. போர்ச்சில் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் பெருமையாகப் பட்டணத்துக்கு ஓட்டிப் போனேன். சிக்னலில் மறுபடி குலுக்கல். முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. வீட்டில் நல்ல பிள்ளை, சாலையில் கெட்ட பிள்ளை. சூடு ஏறினால்தான் வருகிறதோ என்று போர்ச்சிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டேன். ரேடியேட்டர் விசிறி மூன்று தடவை சுற்றி நின்றது, குலுக்கல் வரவில்லை.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு வீடு தள்ளி ஓர் அங்கிள் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். முப்பது வருடம் தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டர். டிராக்டர், லாரி, ஜெனரேட்டர் எல்லாம் பார்த்தவர். சாயங்காலம் நடந்து போகிறவர் வேலியோரம் நின்றார்.

"என்னா தம்பி, காடி இன்னும் சரியாகலியா?"

"சரியாயிடுச்சு அங்கிள். சிக்னல்ல மட்டும் ஆடுது."

"சிக்னல்ல உன் காலு எங்க இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்தார். "பிரேக்குல இருக்கும். இங்க நீ காடிக்கு முன்னாடி நிக்கிற. பிரேக்க யாரு மிதிக்கிறா?"

மகளைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். கியர் நியூட்ரல், கைபிரேக் இழுத்தாயிற்று, டயருக்கு முன்னும் பின்னும் செங்கல். "மிதிம்மா" என்றார் அங்கிள். மிதித்தாள். முள் சரிந்தது, வண்டி குலுங்கியது. "விடு." நின்றது. "மிதி." குலுங்கியது. இரண்டு வாரம் நான் தேடியதை ஒன்பது வயதுப் பிள்ளையின் கால் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டது.

அங்கிள் வீட்டிலிருந்து ஒரு முழ நீள கேஸ் டியூப் துண்டை எடுத்து வந்தார். ஒரு முனை காதில், மறுமுனை இஞ்சினில் ஒவ்வோர் இடமாக. எளிதில் தீப்பிடிக்கும் கார்ப்ரேட்டர் கிளீனரை அடித்துக் காற்றுக் கசிவு தேடும் பழக்கம் அவருக்குப் பிடிக்காது. "சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா உன் மீசை போயிடும்" என்றார். பானெட்டுக்குள் எங்கும் சத்தம் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே, பெடலுக்கு மேலே டியூபை நீட்டி என்னைக் கேட்கச் சொன்னார். மகள் மிதித்ததும் உஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம், பஞ்சரான டியூபைத் தண்ணீரில் முக்கினால் வருமே, அந்த மாதிரி.

பிரேக் பூஸ்டர். பெடலுக்கும் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் கருப்பு உருளை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தை இஞ்சினின் உறிஞ்சல் இழுத்துக்கொண்டே இருக்கும். மிதிக்கும்போது மறுபக்கத்தில் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். அந்தத் தள்ளுதல்தான் நம் காலுக்குக் கிடைக்கும் உதவி. சவ்வு கிழிந்துவிட்டால் வெளிக்காற்று நேராக இஞ்சினுக்குள் போய்விடும். எண்ணெய்க் கலவை நீர்த்துப்போய் ஐட்லிங் தள்ளாடும். மிதிக்காத நேரத்தில் அந்த வழி மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது. பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் துணி சுற்றிய பிளையரால் நெரித்துப் பிடித்து மகளை மறுபடி மிதிக்கச் சொன்னார் அங்கிள். முள் அசையவில்லை. சந்தேகமே இல்லை.

இஞ்சினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, கெட்டியானதும் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நல்ல பூஸ்டர் என்றால் அந்த நேரம் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். என்னுடையது கல் மாதிரி நின்றது. யோசித்துப் பார்த்தால் சில மாதங்களாகவே பிரேக் கனமாகத்தான் இருந்தது. வயதான வண்டி என்று பழகிக்கொண்டேன்.

பூஸ்டரை நான் மாற்றவில்லை. கழற்ற நாலைந்து நட்டுதான், கை பரபரத்தது. "ஐட்லிங்னா நீ விளையாடு. இது பிரேக்கு" என்று அங்கிள் தடுத்துவிட்டார். நடுவில் இருக்கும் தள்ளுகம்பியின் அளவு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பிரேக் பிடித்தபடியே ஓடலாம் என்றார். பிரேக் வேலை தெரிந்த ஈப்போ பட்டறை ஒன்றில் புதுசு போட்டேன். பூஸ்டரும் கூலியும் சேர்த்து 390 வெள்ளி. ஆப்கட் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை) பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். இன்னொரு பழைய சவ்வை வாங்க மனம் வரவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஓர் இடத்தில் மட்டும் ஆடும் வண்டி வாய்த்திருக்கிறதா?

லிந்தாங் டீச்சர்:

எனக்கு வாய்த்தது எலி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை, குவார்ட்டர்ஸைச் சுற்றிச் செம்பனை. எலியைப் பிடிக்க நிர்வாகம் கம்பம் நட்டு ஆந்தைக்கூடு வைத்திருக்கிறது. அந்த ஆந்தைகள் என் மைவி காருக்கு அடியில் வந்து பார்ப்பதில்லை போல.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி கடகடவென்று ஆடியது. இஞ்சின் விளக்கு எரிந்து நிற்காமல் மினுக்கியது. விளக்கு மினுக்கினால் ஓட்டக் கூடாது என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். எரியாத எண்ணெய் எக்ஸாஸ்டுக்குள் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுவிடுமாம். அன்று பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போனேன்.

சாயங்காலம் தம்பி வீடியோ காலில். முன்பு அவன் விட்டுப்போன சின்ன ஸ்கேனரைச் செருகினேன். பி0302 என்று ஒரு பிழை எண் வந்தது. இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் எண்ணெய் சரியாக எரியவில்லை. "பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் ஒண்ணு வாங்கிடவா?" என்றேன். "அக்கா, பணம் நிறைய இருக்கா? முதல்ல ரெண்டாவது காயில எடுத்து ஒண்ணாவதுல மாட்டு, அத இதுல மாட்டு" என்றான். மைவியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், என்னாலேயே முடிந்தது. ஸ்கேனரில் அந்தப் பிழை எண்ணை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். பி0301 ஆக மாறியிருந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0302. பிளக்கையும் அப்படியே இடம் மாற்றினோம், அசையவில்லை. "அப்ப வயரப் பாரு" என்றான். டார்ச் அடித்தால் இரண்டாவது இன்ஜெக்டருக்குப் போகும் வயரில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. ஓர் இழை அறுந்தே கிடந்தது. பக்கத்தில் செம்பனைப் பழத்தின் நார். வந்தவர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணன் ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே உறை சுற்றிக் கொடுத்தார். டீயும் இரண்டு வடையும் கூலி. இப்போது இரவில் பானெட்டைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். உள்ளே கதகதப்பு இல்லையென்றால் எலிக்கு ஆசை குறைகிறது. பால்மரத்தடி அண்ணே, உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கஞ்சில் 850:

என் கதை சின்னது. கஞ்சில் கார், ஆட்டோ கியர், மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது பிறவிக்குணம். ஆனால் டி-யில் போட்டு பிரேக் மிதித்து நின்றால் ஸ்டேரிங்கும் கண்ணாடியும் பல்லும் சேர்ந்து ஆடின. நானும் பிளக் மாற்றினேன், எண்ணெய் ஃபில்டர் மாற்றினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தவுக்கே (முதலாளி) ஒரே கேள்விதான் கேட்டார்: இஞ்சின் சத்தம் மாறுதா, இல்ல பாடி மட்டும் ஆடுதா? சத்தம் சீராகத்தான் இருந்தது. நியூட்ரலில் தள்ளினால் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இஞ்சின் மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தது. மாற்றியதும் அடங்கிவிட்டது. பால்மரத்தடி அண்ணன் கதை மாதிரியே இதுவும் சிக்னலில் பிரேக் மிதிக்கும்போதுதான் வரும், ஆனால் காரணம் வேறு. முள்ளும் சத்தமும் தடுமாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி. ரோன்97 பெட்ரோல் போட்டால் ஐட்லிங் சரியாகும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, போட்டுப் பார்த்தீர்களா?

பால்மரத்தடி:

போட்டேன், இரண்டு டேங்க். பர்ஸ்தான் ஆடியது. அந்த எண் இஞ்சின் தட்டாமல் இருப்பதற்கு, அழுத்தம் அதிகமான இஞ்சினுக்கு அது வேண்டும். கிழிந்த சவ்வை 97 ஒட்டவைக்காது.

டீச்சர், மகளிடம் சொன்னேன். இனி ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வெள்ளி வேண்டுமாம். பழைய பூஸ்டரை அங்கிள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அறுத்து உள்ளே பார்க்கப் போகிறாராம். மூன்று நாளாக அவர் வீட்டுப் பின்பக்கம் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்கிறது, ஆன்ட்டி திட்டும் சத்தமும்.