உரத்தொட்டி நிதி: பணம் அனுப்பும் முன் ஒரு கணக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன். நம் ஊர் உரத்தொட்டிகளுக்குப் பதிலாகக் குப்பையை உரமாக்கும் இயந்திரம் வாங்கலாம் என்று, அதற்குப் பங்கு கேட்டுச் சங்கச் செயலாளர் மாமா எழுதிய மடலுக்குப் பாதிப் பேர் சரி சொல்லிவிட்டீர்கள். நான் இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

தொட்டிகள் கெட்டுக் கிடக்கின்றன என்று சின்ன அத்தை சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. நான்கு தொட்டியும் நிரம்பி, அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது. ஒரு தொட்டியில் கம்பை விட்டுக் கிளறினேன், அழுகின முட்டை நாற்றம். காய்த்தோல் எல்லாம் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டபடியே கிடக்கிறது. சருகு ஒரு பிடி கூட இல்லை. அந்த நாற்றம் எதைச் சொல்கிறது என்றால், உள்ளே காற்று இல்லை என்பதைத்தான். காற்று இருந்தால் மக்கும், இல்லாவிட்டால் அழுகும். ஒரு கூடை சமையல் கழிவுக்கு இரண்டு, மூன்று கூடை சருகு போட்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிவிட்டிருந்தால் இதே தொட்டியில் மழை பெய்த மண் வாசம் வந்திருக்கும். வந்துகொண்டுதான் இருந்தது, மூன்று வருடம் முன்பு வரை.

இயந்திரம் 24 மணி நேரத்தில் உரம் தரும் என்று விளம்பரத் தாளை இணைத்திருக்கிறார் மாமா. அப்படி ஒன்றை நான் இங்கே குடியிருப்பில் இரண்டு வருடம் பார்த்தவன். அது கழிவை அரைத்து, சூடாக்கி, உலர்த்துகிறது. அவ்வளவுதான். வெளியே வருவது காய்ந்த கழிவு, உரம் அல்ல. ஈரம் பட்டதும் பூசணம் பிடித்து மறுபடி அழுக ஆரம்பிக்கும். அதை அப்படியே செடிக்குப் போட்டால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் பிடுங்கிக்கொள்ள, செடி வெளுத்துப்போகவும் கூடும். உரம் முதிர வாரக்கணக்கிலாவது, பெரும்பாலும் மாதக்கணக்கில் நாள் வேண்டும், அதை ஒரே நாளாகச் சுருக்க வழி இல்லை. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதும் அந்த மடலில் இல்லை.

இனி நான் எழுதத் தயங்கிய விஷயம்.

தொட்டியைப் பார்த்துக்கொண்ட அண்ணனைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். அவர் ஏன் நின்றுவிட்டார் என்பதும் தெரியும். பொருளாளர் அண்ணன் அப்போது அவருடைய தொட்டிக் கணக்கு நோட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: உள்ளே போனது இவ்வளவு கிலோ, வெளியே வந்தது கால் பங்கு, மீதி எங்கே? யாரும் திருட்டு என்று எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஊர் வரைக்கும் போனது, 'உரத்தை வெளியில் விற்றுவிட்டான்' என்றுதான் போனது.

பொருளாளர் அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்குக் கேட்டது சரிதான். விடை தெரிந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அதுதான் தப்பு. இப்போது நான் சொல்கிறேன், நீங்களே கூட்டிப் பாருங்கள். சமையல் கழிவு 100 கிலோ என்றால் அதில் ஏறக்குறைய 75 கிலோ தண்ணீர். மிஞ்சுவது 25. குவியல் சூடாவதே நுண்ணுயிர்கள் அந்த 25-ஐத் தின்பதால்தான், அதில் பாதியைப் போலக் கரியமில வாயுவாக மூச்சு விட்டுவிடும். இருப்பு 12, 13 கிலோ. முதிர்ந்த உரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு ஈரமும் இருக்கும். ஆக 25 கிலோ. கால் பங்கு! சருகு சேர்த்ததற்குக் கொஞ்சம் கூட வரும், சலித்துக் கழித்ததற்குக் கொஞ்சம் குறையும். அவர் நோட்டு ஒழுங்கான நோட்டு. மீதி காற்றில்தான் போனது.

இதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீங்களும் அந்தக் குழுவுலதானே தம்பி இருந்தீங்க?" என்றார். இருந்தேன். அந்த மடல்களை எல்லாம் படித்தேன். ஒரு வரி எழுதவில்லை.

அவருக்குத் தெரிந்தது நம் யாருக்கும் தெரியாது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிவார், ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் சருகு போடு, உதிர்ந்தால் தண்ணீர் தெளி. குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, எடுத்துத் தொட்டுப் பார்ப்பார். சூடு 55 பாகை செல்சியஸைத் தாண்டி மூன்று நாள் நின்றால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். 70-ஐத் தாண்டினால் மக்கவைக்கிற உயிர்களே சாகும் என்று அதற்குள் புரட்டிவிடுவார். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இல்லாவிட்டால் குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். இதெல்லாம் எங்கள் ஆத்தாவின் எருக்குழியில் பார்த்துக் கற்றது என்பார். அந்தக் குழியில் பிளாஸ்டிக் கிடையாது. அந்தக் காலத்தில் வீட்டிலேயே கிடையாது.

பெரியப்பாவுக்கு: 'நம் ஊருக்கு இயந்திரம் இருப்பது ஒரு கௌரவம்' என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் தொட்டி கட்டியபோதும் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று ஆறு வாரம் மடல் ஓடியது. கல்வெட்டு இன்னும் பளிச்சென்று இருக்கிறது, அதன் கீழேதான் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது. உங்கள் மனம் நோக எழுதவில்லை. தொட்டி இருக்கிற அந்த நிலத்தை அப்பா கொடுத்தபோது கல்வெட்டில் பெயரே வேண்டாம் என்றார், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

என் பங்கை மூன்று காரியத்துக்குத் தருகிறேன். முதலில் அந்த அண்ணனுக்கு, அவர் வர ஒப்புக்கொண்டால், மாதச் சம்பளம், ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே. அப்புறம் சருகு சேர்த்து வைக்க மழை படாத ஒரு கொட்டகை, உதிர்கிற காலத்தில் சேர்த்தால்தான் வருடம் முழுக்க வரும். பிறகு வீட்டுக்கு இரண்டு வாளி. பிரித்துப் போடாத வீட்டுக் குப்பையை அவர் வாங்க வேண்டியதில்லை என்று சங்கம் எழுதித் தர வேண்டும், அது சங்கத்து ஆட்கள் வீடாக இருந்தாலும். 'மக்கும் பை' என்று அச்சடித்த பையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதில் பல வகை பெரிய உர ஆலைகளின் சூட்டில்தான் மக்கும், நம் தொட்டியில் அப்படியே கிடக்கும். எலும்பு, இறைச்சி, எண்ணெய் வேண்டாம், நாயும் எலியும் வரும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று மருமகன் ஒருவர் தனி மடலில் கேட்டார். உலக வங்கி 2018-இல் போட்ட கணக்கில், உலகம் முழுக்கச் சேர்கிற குப்பையில் 44 விழுக்காடு உணவும் பசுங்கழிவும்தான். அதைத் தனியே எடுத்துவிட்டால் மிச்சக் குப்பை நாறாது, மேட்டில் கொட்டி மீத்தேன் கிளம்பாது, பிளாஸ்டிக்கும் தாளும் சுத்தமாகக் கிடைக்கும். வாளியைத் தினம் கண்ணால் பார்த்தால் எவ்வளவு வீணாக்குகிறோம் என்று வீட்டிலிருப்பவர்களுக்கே உறைக்கும். அத்தை வீட்டில் ஒரே வாரத்தில் வாளி அரைவாசியானது.

பொருளாளர் அண்ணா, ஒரே வேண்டுகோள். மேலே உள்ள கணக்கு சரி என்று பட்டால், அந்த அண்ணனுக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். நான் கூப்பிட்டேன், யோசிக்கிறேன் என்றார். நீங்கள் எழுதினால் வருவார் என்று நினைக்கிறேன்.