மெல்பேர்னில் படிக்கும் தம்பிக்கு வீட்டோடு பேசவும் நேரமில்லையாம். அங்கே மாணவர் வாழ்க்கை அப்படித்தானா?

உப்புவெளி அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறோம். என் தம்பி பெப்ரவரி கடைசியில் மெல்பேர்னுக்குப் போனான். தகவல் தொழில்நுட்பத்தில் முதுமாணி, இரண்டு ஆண்டுப் படிப்பு. போன புதிதில் காலையும் மாலையும் வீடியோவில் வருவான். ரயிலைக் காட்டுவான், தான் சமைத்த சோற்றைக் காட்டுவான். இப்போது அம்மா அழைத்தால் எடுப்பதே இல்லை. மறுநாள் "வேலையில் நின்றேன்", "ஒப்படை இருந்தது" என்று ஒரு வரி மட்டும் வருகிறது. தப்பித் தவறிப் பேசினாலும் நடந்துகொண்டேதான் பேசுகிறான்.

அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வந்து, சாப்பாட்டு வேலை முடித்து, இரவு எட்டரை மணியளவில்தான் ஆறுதலாக உட்கார்ந்து அழைப்பார். அவன் எடுக்காவிட்டால் அன்றிரவு அவருக்கு நித்திரை இல்லை.

எங்கள் சித்தப்பா ஒரு கணக்குப் போட்டார். வகுப்பு கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். மாணவர் வீசாவில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், ஆகவே கிழமைக்கு 24. இரண்டையும் கூட்டினால் 36. "கச்சேரியில் வேலை செய்கிறவனும் இதைவிடக் கூட நேரம் நிற்கிறான், பொடியன் எதையோ மறைக்கிறான்" என்று அம்மாவிடமே சொல்லிவிட்டார்.

அவனை அனுப்புவதற்கு அப்பா காணியை ஈடு வைத்தார். வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டியிருந்தது. வீசா விண்ணப்பக் கட்டணமே 2,000 டொலர் ஆனது. வேலை கிடைத்ததும் மாதம் மாதம் கொஞ்சம் அனுப்புவான் என்பதுதான் பேச்சு. நான் அவனைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அங்கே படிக்கிறவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். அவன் சொல்வதை நம்பலாமா, அல்லது நாங்கள் கவலைப்பட வேண்டுமா?


டாண்டினோங் தாதி மாணவி எழுதியது:

அக்கா, நானும் திருகோணமலைதான், உவர்மலை. இங்கே மெல்பேர்னின் டாண்டினோங் பகுதியில் இருந்துகொண்டு தாதியர் இளமாணி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தம்பி சொல்வது உண்மை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

சித்தப்பாவின் கணக்கில் படிப்பே இல்லை. வகுப்பு மட்டும்தான் இருக்கிறது. இங்கே ஒரு பருவத்துக்கு நான்கு பாடங்கள். ஒரு பாடத்துக்குக் கிழமைக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும் என்று பல்கலைக்கழகமே கணக்கு வைத்துத்தான் வேலை தருகிறது. அதில் வகுப்பறையில் இருப்பது மூன்று மணித்தியாலம் அளவில். மீதியை நாமே வாசித்து, எழுதி, செய்து பார்க்க வேண்டும். நான்கு பாடத்துக்கும் 40 முதல் 48 மணித்தியாலம். வேலை 24ஐச் சேர்த்தால் 64 முதல் 72. பயணமும் சமையலும் உடுப்புத் தோய்ப்பதும் இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

உயர்தரம் படித்தபோது ரியூஷனில் ஆசிரியர் குறிப்புச் சொன்னார், நாங்கள் எழுதினோம், கடைசியில் ஒரு பரீட்சை. இங்கே பன்னிரண்டு கிழமைப் பருவத்தில் மூன்றாம், நான்காம் கிழமையிலேயே முதல் ஒப்படை வந்துவிடுகிறது. அதை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. எழுதிய ஒவ்வொரு கருத்துக்கும் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். அடுத்தவருடைய வசனத்தை எடுத்திருக்கிறோமா என்று மென்பொருள் சோதிக்கும். தகவல் தொழில்நுட்பத்தில் குழு வேலையும் அதிகம். நான்கு பேர், நான்கு பேருக்கும் வெவ்வேறு வேலை நேரம், எல்லோரும் சந்திக்கக் கிடைப்பது இரவு பத்து மணி.

என்னுடைய செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். டாண்டினோங்கில் ரயில் ஏறி, ஹண்டிங்டேலில் இறங்கி, 601ஆம் இலக்க பஸ்ஸில் பல்கலைக்கழகம். ரயிலில் இருக்கை கிடைத்தால் அது வாசிக்கும் நேரம். காலையில் விரிவுரை, பிறகு செய்முறை அறையில் பிளாஸ்டிக் கைகளில் நாளம் தேடிப் பழகுவோம். மருந்தளவு கணிப்பில் எங்களுக்கு நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் தேர்ச்சி, ஆகவே அதற்கும் தினம் கொஞ்ச நேரம். மாலை நான்கு மணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை தொடங்கும். இரவு பத்துக்கு முடிந்து வீடு வந்தால், பெட்டியில் போட்டு வைத்த சோறும் பருப்பும். ஞாயிறன்று ஒரே தடவையாகச் சமைத்து, பெட்டிகளில் நாளின் பெயரை எழுதிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். அதில் எனக்கென்று ஒரு தட்டுத்தான் உண்டு, மற்றத் தட்டுகள் வீட்டில் கூட இருக்கும் பிள்ளைகளுக்கு.

அந்த முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் ஓர் இத்தாலியப் பாட்டி இருக்கிறார். மறதி நோயில் ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது, பிறந்த ஊர்ப் பாஷை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவருக்கு சூப் ஊட்டும்போது ஒரு கரண்டி கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு கிண்ணத்துக்கு அரை மணித்தியாலமும் ஆகும். அந்த நேரத்தில் அம்மா அழைத்தால் எப்படி எடுப்பது? தொலைபேசி உடுப்பு மாற்றும் அறையில் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். தம்பி எந்த வேலையில் நிற்கிறானோ தெரியாது. ஆனால் உணவகமோ களஞ்சியமோ பெட்ரோல் நிலையமோ, எங்கேயும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க விடமாட்டார்கள்.

பயிற்சிக் காலம் வந்தால் எனக்கு இன்னும் இறுக்கம். தாதியர் இளமாணிக்கு வைத்தியசாலையிலும் சமூக நிலையங்களிலும் குறைந்தது 800 மணித்தியாலம் பயிற்சி செய்ய வேண்டும். அதற்குச் சம்பளம் இல்லை. பாடநெறியின் கட்டாயப் பகுதி என்பதால் அந்த நேரம் 48க்குள் சேராது, அது நல்லதுதான். ஆனால் காலை ஏழு மணிக்கு வார்டில் நின்று, பிறகு உழைக்கவும் போக உடம்பு இடம் கொடுக்காது. வாடகை மட்டும் கிழமைக்குக் கிழமை போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, வேலை நேரத்தை மாணவர் தீர்மானிப்பதில்லை. அநேகமாக எல்லோரும் நிரந்தரமில்லாத வேலையில்தான் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சுகமில்லை, வரமுடியுமா என்று விடியற்காலையில் செய்தி வரும். அடிக்கடி முடியாது என்றால் அடுத்த கிழமை அட்டவணையில் பெயர் குறையும். அதனால் நாளைக்கு எத்தனை மணிக்குப் பேசுகிறேன் என்று அவனால் வாக்குக் கொடுக்க முடியாது.

நேர வித்தியாசத்தையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். இப்போது எங்களுக்கும் உங்களுக்கும் நாலரை மணித்தியாலம். அம்மா எட்டரைக்கு அழைக்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் ஐந்தரை, அப்போது இரண்டு மணியாகும். அம்மா ஓயும் நேரம் பிள்ளை நித்திரை கொள்ளும் நேரம், அல்லது நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஒப்படையோடு மல்லுக்கட்டும் நேரம்.

இனி நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தது. அக்கா, காணி ஈட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் பேசாமல் இருப்பதற்கு நேரம் பாதிக் காரணம் என்றால், மீதி அதுதான் என்று நினைக்கிறேன். இங்கே என்னோடு இருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் பார்க்கிறேன். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், எவ்வளவு அனுப்புவாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே எடுக்காமல் விடுகிறார்கள். அனுப்ப வேண்டும் என்பதற்காக 48க்கு மேல், கணக்கில் காட்டாமல் கைக்காசுக்கு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வரம்பு 2023 ஜூலை 1 முதல் வீசா நிபந்தனையாகவே இருக்கிறது. மீறினால் வீசாவே ரத்தாகலாம். பிறகு படிப்பும் இல்லை, காணியும் இல்லை.

"பருவம் நடக்கும்போது எங்களுக்கு ஒரு சதமும் வேண்டாம், படி" என்று அப்பாவின் வாயால் அவனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் போதாது, ஈடு வைத்தவர் சொல்ல வேண்டும். பருவ விடுமுறையில் 48 மணித்தியால வரம்பு இல்லை. ஜூன் பரீட்சை முடிந்து ஜூலை கடைசியில் அடுத்த பருவம் தொடங்கும்வரை அவன் எவ்வளவும் உழைக்கலாம், அப்போது அனுப்பட்டும்.


கிண்ணியா, இப்போது சிட்னி எழுதியது:

சகோதரி, மேலே தங்கச்சி எழுதியதில் பெரும்பகுதி சரி. நானும் கணக்கியல் முதுமாணியை இப்படித்தான் முடித்தேன். ஆனால் ஒரு விடயத்தில் அவரோடு உடன்படமாட்டேன். நேரமில்லை என்பதை முழுக் காரணமாக எடுத்து விட்டுவிடாதீர்கள். விரிவுரைகள் பெரும்பாலும் பதிவாகிக் கிடைக்கின்றன, ரயிலிலும் கேட்கலாம். எவ்வளவு வேலை இருந்தாலும் கிழமையில் ஒரு தடவை பத்து நிமிடம் உம்மாவோடு பேச முடியும். அதுவும் நின்றுபோனால் நான் இரண்டு விடயங்களைக் கேட்பேன்: சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா? பாடத்தில் ஏதாவது தவறிவிட்டதா?

முதல் வேலையில், ஓர் உணவகத்தில், எனக்குச் சட்டப்படியான சம்பளத்தில் பாதியளவுதான் தந்தார்கள், அதுவும் கையில். குறைந்த சம்பளத்துக்கு அதிக நேரம் நிற்க வேண்டியிருந்தது, படிப்பு அடிபட்டது, வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. மாணவர் வீசாவில் இருப்பவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மற்றவருக்குச் சமம்தான். 2025 ஜூலை 1 அன்று அதை மணித்தியாலத்துக்கு 24.95 டொலர் ஆக்கினார்கள். நிரந்தரமில்லாத வேலை என்றால் அதற்கு மேல் 25 வீதம் கூட்டித் தரவேண்டும், அந்தக் கணக்கில் 31 டொலருக்குச் சற்று மேலே வரும். சம்பளப் பட்டியலும் தந்தாக வேண்டும். தம்பியிடம் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், சம்பளப் பிரச்சினைகளைக் கவனிக்கும் அரச அலுவலகமான ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மனைக் கேட்கச் சொல்லுங்கள். இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரோடும் பேசலாம்.

கேட்கும்போது விசாரணை மாதிரி வேண்டாம். உம்மா கேட்டால் பயந்துவிடுவான், நீங்கள் தனியாகக் கேளுங்கள்.


நிலாவெளித் தகப்பன் எழுதியது:

பிள்ளை, என் மகள் பேர்த்தில் படிக்கிறா. அங்கே நேரம் மாற்றுவதில்லை, ஆண்டு முழுவதும் இரண்டரை மணித்தியாலம்தான், எங்களுக்கு அது வசதி. உங்களுக்கு ஞாயிறு பகல் பன்னிரண்டரை சரியாக வரும், மெல்பேர்னில் மாலை ஐந்து. அம்மாவுக்குச் சமையல் நேரம்தான், ஒரு நாளைக்குக் குழம்பு பிந்தினால் பரவாயில்லை. மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். என் மனைவி கோணேசர் கோயிலில் மணி அடிப்பதையும், கோட்டைக்குள் மான் வழியை மறித்து நின்றதையும் பேசி அனுப்புவா. மகள் பஸ்ஸில் கேட்பா. பதில் வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. அதனாலோ என்னவோ, பதில் வருகிறது.


உப்புவெளி அக்கா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சித்தப்பாவும் இருந்தார், 72 மணித்தியாலம் என்றதும் பேசவில்லை. அப்பா அன்றே குரல் பதிவு அனுப்பினார்: வட்டியை அக்கா பார்த்துக்கொள்வாள், நீ படி என்று. நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன், இறுக்கிப் பிடித்தால் கட்டலாம்.

ஞாயிறு பன்னிரண்டரைக்குத் தம்பி தானே அழைத்தான். கிண்ணியாச் சகோதரர் சொன்னபடி பிறகு தனியாகக் கேட்டேன். சம்பளம் சரியாகத்தான் கிடைக்கிறதாம், பட்டியலைப் படம் எடுத்தும் அனுப்பினான். ஆனால் காய்ச்சலில் நான்கு நாள் படுத்திருக்கிறான். எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கிழமைக்குரிய ஒப்படை ஒன்று இன்னும் கொடுக்கவில்லையாம், நாளுக்கு நாள் புள்ளி குறைகிறதாம். இனி ஏதாவது செய்யலாமா?


டாண்டினோங் தாதி மாணவி எழுதியது:

செய்யலாம் அக்கா. சுகவீனம் போன்ற காரணங்களுக்குக் காலநீடிப்பும் விசேட கவனிப்பும் கேட்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வழி உண்டு. இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவச் சான்றிதழை இணைக்க வேண்டும். காய்ச்சல் நேரம் வைத்தியரிடம் போயிருந்தால் அந்தச் சான்றிதழ் போதும். போகவில்லை என்றால் மாணவர் ஆலோசகரிடம் நேரில் போய் என்ன செய்யலாம் என்று கேட்கட்டும், அதற்கும் காசு இல்லை. விண்ணப்பிப்பதற்குக் காலக்கெடு இருக்கிறது, அது மிகக் குறுகியது. அடுத்த ஞாயிறு வரை பார்த்திருக்காமல் இப்போதே அவனுக்கு ஒரு செய்தி போடுங்கள். பாட விரிவுரையாளருக்கும் இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். நான் டாண்டினோங்கில்தான் இருக்கிறேன், சான்றிதழ், படிவம் என்று எங்கேயாவது தடுமாறினால் இந்தத் திரியிலேயே என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்.